20 டெசிபெல் வால்வ் ப்ரீஆம்ப் வாங்கலாமா? – பதில்

வணக்கம். உங்கள் டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) தருவது 2 வோல்ட். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் 1.2 வோல்ட்டிலேயே முழு வலுவுக்கு வந்துவிடும். அதன் உள்ளீட்டுத் தடை 20 கிலோ ஓம். இதற்குக் கொழும்புப் புறக்கோட்டையில் பார்த்த, 20 டெசிபெல் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உள்ள பழைய ஜப்பான் வால்வ் ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் போடும் பெருக்கி) சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள்.

சரிவராது. 20 டெசிபெல் என்றால் வோல்ட் பத்து மடங்கு. சத்தக் குமிழை 8 மணி நிலைக்குத் திருப்ப முன்னமே சத்தம் தாங்காது. பொட்டின் (அந்தக் குமிழுக்குள் இருக்கும் மாறும் தடை) இடது, வலது இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத இடமும் அந்த அடிப்பகுதிதான்; பாட்டு ஒரு பக்கம் சாயும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பேஸ் (தாழ்ந்த ஒலிகள்). வெளியீட்டில் இருக்கும் கப்பாசிட்டரின் அளவைப் பாருங்கள். 0.22 மைக்ரோஃபரட் என்றால், 20 கிலோ ஓம் சுமையில் 36 ஹேர்ட்ஸில் 3 டெசிபெல் விழுந்துவிடும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி மெலியும். 2.2 மைக்ரோ என்றால் கவலையில்லை.

உண்மையில் உங்களுக்குக் கெயினே தேவையில்லை. 10 கிலோ ஓம் பொட்டும், அதன் பின்னால் 100 ஓமுக்குக் குறைந்த வெளியீட்டுத் தடையுள்ள, கெயின் 1 பஃபரும் (சிக்னலைப் பெருக்காமல் கேபிளையும் ஆம்பையும் ஓட்டும் சுற்று) போதும். பஃபர் இல்லாமல் வெறும் 50 கிலோ பொட் போடாதீர்கள்: நடுநிலையில் அதன் தடை 12.5 கிலோ, உங்கள் 6 மீட்டர் கேபிள் சுமார் 600 பிகோஃபரட், ஆம்பின் 20 கிலோ ஓமையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 34 கிலோஹேர்ட்ஸில் 3 டெசிபெல் போய்விடும்; 20 கிலோஹேர்ட்ஸிலேயே 1 டெசிபெலுக்கு மேல் குறையும்.

ஆசை விடாவிட்டால், பின்பக்கத் தகட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் இறக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நம்முடைய 230இல் செருகவே கூடாது.