விளையாட்டு மைதானத்துல ஏசி ஹால் கட்டுறாங்க, 25,000 கேக்குறாங்க – என் பதில்

வணக்கம் சகோ, பொண்ணு படிக்கிற மெட்ரிக் ஸ்கூல்ல கிரவுண்டுல பாதிய எடுத்து ஏசி ஆடிட்டோரியம் கட்டுறாங்க, அதுக்கு பில்டிங் ஃபண்டுன்னு 25,000 கேக்குறாங்க, ரசீது கிடையாதுன்னு போட்டிருந்தீங்க. படிச்சதும் மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

மொதல்ல ரசீது இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க. தமிழ்நாட்டுல பள்ளிக் கட்டணத்த ஒழுங்குபடுத்துற 2009 சட்டப்படி, ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில உள்ள கமிட்டிதான் ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஃபீஸ் நிர்ணயம் பண்ணுது, அதுக்கு மேல என்ன பேர்ல வாங்கினாலும் தப்பு, வாங்கினத திருப்பித் தரணும். கமிட்டி போட்ட அந்த ஃபீஸ் ஆர்டர் காப்பிய ஸ்கூல் ஆபீஸ்ல எழுத்து மூலமா கேளுங்க.

கிரவுண்ட் விஷயத்த விட்றாதீங்க. கல்வி உரிமைச் சட்டத்துலயே விளையாட்டு மைதானம், பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் தனித்தனி டாய்லெட், குடிதண்ணி எல்லாம் கட்டாயம்னு இருக்கு. என் பையன் படிச்ச ஸ்கூல்லயும் இப்படித்தான், வாசல்ல கிரானைட் போட்டாங்க, பின்னாடி டாய்லெட்ல தாழ்ப்பாள் கெடையாது, பொண்ணுங்க ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவ புடிச்சுட்டு நிப்பா, பாதி பேரு சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கமாட்டாங்க. அங்க நாங்க 14 பேரண்ட்ஸ் கையெழுத்து போட்டு குடுத்த அப்புறம்தான் தாழ்ப்பாள் வந்துச்சு.

புது கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல், ஃபயர் என்ஓசி (தீயணைப்புத் துறையோட தடையில்லாச் சான்று) இருக்கான்னும் கேளுங்க, 2004 கும்பகோணம் தீ விபத்துல 94 பிள்ளைங்க போனத நாம மறக்கக்கூடாது. பதில் வரலன்னா தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர்கிட்ட மனு குடுங்க, தனியா போகாதீங்க, நாலஞ்சு பேரா போங்க.