ராக் இசையில் சாக்ஸபோன் என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவர் யார்? ஏன்?

கிளாரன்ஸ் கிளெமன்ஸ். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் இசைக்குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாசித்தவர். ஆறடியைத் தாண்டிய ஆகிருதி. ரசிகர்களுக்கு அவர் 'பிக் மேன்'. 1942-ல் வர்ஜீனியாவில் பிறந்தார், அப்பாவுக்கு மீன் வியாபாரம். ஒன்பது வயதில் கிறிஸ்துமஸுக்கு ரயில் பொம்மை கேட்ட பையனுக்குக் கிடைத்தது ஓர் ஆல்டோ சாக்ஸபோன். பிறகு சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸின் வாசிப்பில் மயங்கி, ஆல்டோவைவிடக் கனத்த ஒலியுள்ள டெனார் சாக்ஸபோனுக்கு மாறினார். அமெரிக்கக் கால்பந்திலும் கெட்டிக்காரர்தான். ஒரு கார் விபத்து அந்தக் கனவை முடித்துவைத்தது. 1971-ல் நியூஜெர்சியின் ஆஸ்பரி பார்க் நகரில் ஸ்பிரிங்ஸ்டீனைச் சந்தித்தார்.

'ஜங்கிள்லேண்ட்' பாட்டை ஒருமுறை இரவில், தனியாக, ஹெட்போனில் கேளுங்கள். 1975-ல் வந்த 'பார்ன் டு ரன்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். நடுவில் சொற்கள் நின்றுபோய் சாக்ஸபோன் மட்டும் இரண்டு நிமிடத்துக்கும் மேலாகப் பேசும். அதைப் பதிவு செய்யப் பதினாறு மணி நேரம் பிடித்ததாம். ஒவ்வொரு சுரத்தையும் ஸ்பிரிங்ஸ்டீன் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிச் செதுக்கியிருக்கிறார். அந்தச் சிரமம் எதுவும் காதில் விழாது. வேகமோ வித்தையோ காட்டாமல், ஒரு சுரத்தைப் பிடித்தால் அது கனியும்வரை விடமாட்டார். கதை சொல்லிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ள, பக்கத்தில் நின்ற நண்பன் மீதியைச் சொல்வதுபோல இருக்கும். எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கண் கலங்கும்.

ஆல்பத்தின் அட்டைப் படத்தையும் பாருங்கள். வெள்ளைக்காரரான ஸ்பிரிங்ஸ்டீன் கறுப்பினத்தவரான கிளாரன்ஸின் தோளில் சாய்ந்து நிற்கிறார். இனவெறியின் காயம் ஆறாத அமெரிக்காவில் அந்தப் படம் சொன்னது கொஞ்சநஞ்சமல்ல.

பாடகிகள் அரிதா ஃபிராங்க்ளினின் 'ஃப்ரீவே ஆஃப் லவ்', லேடி காகாவின் 'தி எட்ஜ் ஆஃப் குளோரி' இரண்டிலும் ஒலிப்பது இவர் சாக்ஸபோன்தான். காகாவின் பாட்டு வெளியான அடுத்த மாதமே, 2011 ஜூன் 18 அன்று, பக்கவாதத்தால் காலமானார். வயது 69.

அதன்பின் 'ஜங்கிள்லேண்ட்' மேடை ஏறவில்லை. 2012 ஜூலையில் சுவீடனின் கோத்தன்பர்க்கில்தான் மறுபடி வாசித்தார்கள். அந்த இரண்டு நிமிடங்களுக்காக முன்னால் வந்து நின்றவர் கிளாரன்ஸின் சகோதரர் மகன், ஜேக் கிளெமன்ஸ்.