வாசித்துக் காட்டினீர்களா?

வணக்கம் ஐயா,

நான் கிருஷ்ணகிரிக்காரன். மானுடவியல் படித்த நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, சித்தேரி மலைப் பக்கம் களப்பணிக்குப் போன அனுபவங்களைத் தொகுத்து எழுதிவருகிறோம். மக்கள் வெள்ளந்தியாகப் பேசுகிறார்கள், தகவல் குவிகிறது. எங்களுக்குள்தான் சண்டை. யார் ஆசிரியர், யார் பெயர் முதலில், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாமா? வழி சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

பெயரை அகரவரிசையில் போடுங்கள். ஆசிரியர் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

என்னைக் குத்தியது ‘வெள்ளந்தி’ என்ற சொல். கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மானுடவியல் படித்துவிட்டு இப்படி எழுத உங்களுக்குக் கூசவில்லையா? மலையில் யாரும் வெள்ளந்தி இல்லை. வந்தவன் யார், எதற்கு வந்தான் என்று எடைபோட்ட பிறகுதான் வாய் திறப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி அடிவாரத்து வாச்சாத்திக்குள் புகுந்து ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம்.

அது நடந்து ஆறேழு வருஷம் கழித்து நான் சித்தேரிக்குப் போனேன். ஒரு ஆயா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்தேன். முறம் நின்றது.

“எந்த ஆபீஸு?”

ஆபீஸ் இல்லை ஆயா என்றேன். நம்பவில்லை. மறுநாள் மறுபடி போனபோது அவரே கேட்டார்: “என்னைப் பத்தி என்ன எழுதின? படி, கேக்கறேன்.”

படித்தேன். ‘அரிசி வாங்க வழியில்லாததால் இவர்கள் களி உண்கிறார்கள்’ என்ற வரியில் கை காட்டி நிறுத்தினார். “அரிசி இல்லாமயா களி திங்கறேன்? களி தின்னாத்தான் பொழுது சாயற வரைக்கும் காட்டுல நிக்க முடியும். அதை அடி.”

அவர் கண் முன்னாலேயே அடித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் எழுதியதிலேயே சரியான திருத்தம் அதுதான்.

மானுடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி, நியூ கினி பக்கத்து ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கிக் களப்பணிக்கே இலக்கணம் வகுத்தவர். அவர் 1942இல் இறந்தார். சொந்த நாட்குறிப்பு 1967இல் அச்சானபோதுதான், அந்த மக்கள் மேல் அவருக்கு இருந்த எரிச்சலும் வெறுப்பும் வெளியே தெரிந்தது. அவர் எழுதியதை அந்தத் தீவில் யாருக்காவது வாசித்துக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

நீங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள். செலவு செய்து, பஸ் மாறி, மலையேறிப் போகிறீர்கள். அதனால்தான் திட்டுகிறேன். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாமா என்று கேட்டீர்கள் அல்லவா? தாராளமாகத் திருத்தலாம். ஆனால் முதல் திருத்தம் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருடையது. ஐந்து பேரும் தாள்களை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்து வாசியுங்கள். ‘இதைப் போடாதே’ என்று அவர் சொன்னால் போடாதீர்கள், எவ்வளவு அருமையான பத்தியாக இருந்தாலும் சரி.

கேழ்வரகு அறுப்பு நேரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள். யாருக்கும் உட்கார நேரமிருக்காது.