அபராதம் கட்டினால் கம்பெனி திருந்துமா?

கேள்வி: எங்கள் தொழிற்பேட்டையில் கழிவுநீர்க் குழாயில் ரசாயனம் ஊற்றிய கம்பெனிக்குச் சில ஆயிரம் வெள்ளிதான் அபராதம். அவர்களுக்கு அது டீ செலவு. இதனால் யார் திருந்தப் போகிறார்கள் ஐயா?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் முதலாளி போடும் கணக்கில் தொகையைவிட, மாட்டுவோமா மாட்டோமா என்பதுதான் பெரிது.

இளவயதில் துவாஸில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் ஸ்டோர் வேலை பார்த்தேன். பின்வாசலில் பழைய அமிலம் நிரம்பிய நீல டிரம்கள் மாதக்கணக்கில் நிற்கும், உரிமம் உள்ள லாரியைக் கூப்பிட்டால் காசு ஆகுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் காலை இரண்டு யூனிட் தள்ளி அதிகாரிகள் வந்து, மேன்ஹோல் மூடியைத் திறந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் லாரி வந்துவிட்டது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் காகித ஆலைகளைப் பற்றி ஷிம்ஷாக், வார்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2005இல் எழுதிய ஆய்வில், ஓர் ஆலைக்கு அபராதம் விழுந்தால் அடுத்த ஆண்டு அந்த மாநிலம் முழுக்க விதிமீறல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. பணம் கேட்காத நடவடிக்கைகளுக்கு அப்படி ஒரு பலன் தெரியவில்லை. ஆக, உங்கள் பேட்டையில் விழுந்த அந்தச் சில ஆயிரம் வெள்ளியைப் பக்கத்து யூனிட்காரர்களும் கவனித்திருப்பார்கள்.

சிங்கப்பூரில் தண்ணீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் இப்போது தொழிற்பேட்டைக் குழாய்களிலேயே ஆவியாகும் ரசாயனங்களைக் கண்டுபிடிக்கும் கருவிகளை வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் சுத்தமாகி நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீராகத் திரும்புகிறது, விளையாட்டில்லை.

தொகை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் புகைமூட்டமே சாட்சி. எல்லை தாண்டி இங்கே புகை வரக் காரணமான கம்பெனிகளுக்கு, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாளுக்கு 100,000 வெள்ளி வரை, மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை அபராதம் போடலாம். அப்படியும் 2015இல் பள்ளிகளை மூடும் அளவுக்குப் புகை வந்தது. எரிந்த நிலம் வேறு நாட்டில், ஆதாரத்தைக் கையில் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

சரி, உங்கள் பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வாடை மறுபடி வந்தால் நேரத்தையும் இடத்தையும் குறித்து உடனே கழகத்துக்குச் சொல்லுங்கள். விடியும் வரை பொறுத்தால் குழாயில் போனது போய்விடும்.