வாசலில் அப்பாவின் கால் ஒட்டிக்கொள்வது பற்றி

சகோதரி, பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மாத்திரையால் அப்பாவின் கை நடுக்கம் குறைந்தும், இஸ்தோப்பு எனும் முன் விறாந்தையிலிருந்து லயத்து வீட்டுக்குள் நுழையும்போது கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். நடை உறைதல் எனப்படும் இந்த அறிகுறி பலருக்கு மருந்தில் எளிதில் அடங்குவதில்லை. என் அம்மாவுக்கும் இதுவே இருந்ததால் உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. வாசலையொட்டிச் சீமெந்துத் தரையில், அவருடைய அடிக்கு ஏற்ற இடைவெளியில், வெள்ளை நாடாக்களைக் குறுக்காக ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டிக் கால் வைக்கச் சொல்லுங்கள். அம்மா அப்படித்தான் அடுப்படிக்குப் போய்வந்தார். கால் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடக்கூடும். நிமிர்ந்து நின்று, உடற்பாரத்தை இடமும் வலமுமாக மாற்றி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணியபின் அடியெடுக்கட்டும். பருப்பு, முட்டை போன்ற புரத உணவு மாத்திரையின் வேலையைக் குறைக்கலாம் என்பதால், சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உறைதல் வரும் நேரத்தையும் மாத்திரை கொடுத்த நேரத்தையும் ஒரு வாரம் குறித்து அவரிடம் காட்டுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.