80களின் இரண்டு சோகப் பாடல்களை மேஷ்அப் செய்தால் (ஒன்றோடு ஒன்று கலந்து ஒட்டினால்) ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது?

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒன்று அப்பாவின் கேசட், மற்றொன்று சி.டி.யில் எடுத்த பாட்டு. வேகத்தைச் சமமாக்கியும் சேரும் இடத்தில் காது கூசுகிறது என்கிறீர்கள்.

சிக்கல் சுருதியில். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பிளேயரின் பெல்ட் தளர்ந்து 3 சதவீதம் மெதுவாக ஓடினாலே பாட்டு அரைச்சுரத்தில் (ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) பாதி இறங்கிவிடும். ஹார்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் அது உட்காராது. எனவே முதலில் அதை அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' (பழைய பதிப்புகளில் 'சேஞ்ச் ஸ்பீட்') கொடுத்து ஒரு கட்டையில் நிறுத்துங்கள். 'சேஞ்ச் டெம்போ' இப்போது வேண்டாம், அது சுருதியைத் தொடாது.

மெதுவான பாட்டே தாழ்ந்த சுருதியிலும் இருந்தால் உங்களுக்கு யோகம். ஒன்று நிமிடத்துக்கு 76 தட்டு, மற்றது 80 என்றால் இரண்டையும் ஸ்பீடால் 78-க்குக் கொண்டுவாருங்கள். இடையில் இருந்த ஏறத்தாழ ஓர் அரைச்சுர வித்தியாசமும் கூடவே அடைபடும், குரலும் உலோகம் போல ஒலிக்காது. இல்லையென்றால் பிட்சை, அதாவது சுருதியை, மட்டும் தனியாக மாற்றலாம், ஆனால் குரலை இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் நகர்த்தாதீர்கள்.

அடுத்தது ராகம். "சினிமாப் பாட்டுக்கு ராகம் பார்ப்பதா" என்று சண்டைக்கு வருபவர்கள் ஒரு தடவை ஒட்டிப் பார்க்கட்டும். சிவரஞ்சனி ராகத்தில் இருப்பது சதுஸ்ருதி தைவதம் (மேலே உள்ள 'த'), நடபைரவியில் சுத்த தைவதம் (அரைச்சுரம் கீழே உள்ள 'த'). ஒன்றின் வயலினுக்கு மேல் மற்றதன் குரலை வைத்தால் அந்த ஒரு சுரம் இடித்துக்கொண்டே இருக்கும். கரகரப்பிரியா சாயல் என்றால் சிவரஞ்சனியோடு ஒத்துப்போகும். இடிக்கிற ஜோடிதான் வேண்டும் என்றால் குரலையும் வாத்தியங்களையும் பிரிக்கும் டெமக்ஸ் மென்பொருள் கொண்டு குரலைப் பிரித்து, அடியில் தபலாவையும் பேஸையும் மட்டும் விடுங்கள். பேஸும் அந்தச் சுரத்தைத் தொடும் இடத்தை வெட்டிவிடுங்கள்.

தாளத்தில் மூன்றன் நடையையும் நாலின் நடையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றாதீர்கள். அன்று பெரும்பாலும் ஆட்களே கூடி வாசித்தார்கள், சரணத்தில் வேகம் கொஞ்சம் கூடும். ஒரே எண்ணைப் போட்டு முழுப் பாட்டையும் நீட்டாமல் நாலு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு முறை காதால் கேட்டுக் குறியிடுங்கள்.

நம் கரையில் உப்புக் காற்று கேசட்டின் அழுத்தப் பட்டைக்குப் பின்னாலுள்ள சிறு தகட்டை அரித்துவிடும், ஒலி மங்கி மங்கி வரும். நாடாவை நல்ல கூட்டுக்கு மாற்றி, பிளேயரின் ஹெட்டைத் துடைத்து, அது நாடாவில் படும் கோணத்தை மாற்றும் அசிமத் திருகைச் சரிசெய்த பிறகே பதியுங்கள். இதையெல்லாம் செய்யாமல் காசு வாங்கிக்கொண்டு தரம் குறையச் சுருக்கிய 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3-யாகக் கொடுத்துவிட்டு, "ஒரிஜினலைத் தூக்கிப் போடுங்க" என்று வேறு சொல்லும் கடைக்காரர்களை மன்னிக்கவே முடியாது. சுருக்காத 24 பிட் வேவ் கோப்பாகக் கேளுங்கள், கேசட்டைத் திருப்பி வாங்குங்கள்.

அப்பா அதை இலங்கை வானொலியிலிருந்து பதிந்திருந்தால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது. அதை ஏற்ற முயன்றால் இரைச்சல்தான் ஏறும். சி.டி. பாட்டின் மேல்பகுதியைச் சேருமிடத்தில் 6 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கி, பிறகு எட்டு ஆவர்த்தனத்தில் திறந்துவிடுங்கள். வெட்டு, பாடகர் மூச்சிழுக்கும் சத்தத்துக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் குரல் எங்கிருந்தோ குதித்தது போல இருக்கும்.