ஏழு ஊர் வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: எனக்கு 62 வயது, மனைவிக்கு 58. இருவரும் சைவம். அவளுக்கு மூட்டுவலி உண்டு. 12 நாளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச், வெனிஸ், ரோம், வியன்னா, பிராக் என்று ஏழு ஊர்களைச் சுற்றத் திட்டம் போட்டிருக்கிறேன். ஊருக்கு ஊர் மலிவு விமானத்தில் போனால் செலவு குறையும் என்கிறான் மகன். மனைவிக்கு ஒரே ஆசை, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நாடுகளைப் பார்க்க வேண்டும். சிக்கனமாகப் போய்வர வழி சொல்லுங்கள்.
– வாசகர், தென்காசி

பதில்: ஐயா, உங்கள் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு ஊர் என்றால் ஆறு முறை இடம் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு புறப்பட்டு, புது ஊரில் அறை கிடைக்கும்வரை காத்திருந்தால் அரை நாள் போய்விடும். 12 நாளில் மூன்று நாள் பெட்டியோடு மட்டும்தான். பணமும் அங்கேதான் கரைகிறது, சாப்பாட்டில் அல்ல.

மலிவு விமானத்தில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். டிக்கெட் விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பெட்டிக்குத் தனிக் கட்டணம், இறங்கிய இடத்திலிருந்து ஊருக்கு வரப் பஸ் கட்டணம். கூட்டிப் பார்த்தால் ரயிலே மலிவு. பாரிஸ் பெயரைச் சேர்த்துக்கொண்ட போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 80 கி.மீ. தள்ளி இருக்கிறது. மூட்டுவலிக்காரரை அப்படி அலைய வைக்காதீர்கள்.

என் யோசனை இது: செக் குடியரசின் பிராக், ஆஸ்திரியாவின் வியன்னா, ஹங்கேரியின் புடாபெஸ்ட். மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. பிராக்கிலிருந்து வியன்னா சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால். உங்கள் மனைவி கேட்ட ஜன்னலோரப் பயணம் இதிலேயே கிடைத்துவிடும். பகல் ரயிலாகப் பாருங்கள். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும்; கடைசி நேரத்தில் எடுத்தால் கை சுடும்.

விமானத்தில் பிராக்கில் இறங்கி, புடாபெஸ்ட்டிலிருந்து திரும்புங்கள். சென்னையிலிருந்து துபாய் வழியாக இரண்டு ஊர்களுக்கும் விமானம் உண்டு. இணையத்தில் தேடும்போது 'போக–வர' என்பதற்குப் பதில் 'பல ஊர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம். பிராக்கில் நான்கு இரவு, வியன்னாவில் மூன்று, புடாபெஸ்ட்டில் நான்கு. வியன்னாவில்தான் அறை வாடகை அதிகம், அதனால்தான் அங்கே ஒன்று குறைத்தேன். செப்டம்பர் பாதிக்கு மேல் போனால் கோடைக் கூட்டமும் இருக்காது, குளிரும் தாங்கும்.

விசா ஒன்றே போதும், மூன்று நாடுகளும் ஷெங்கன் என்ற பொது விசா வட்டத்தில்தான் இருக்கின்றன. அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில், அதாவது உங்களுக்குச் செக் குடியரசில். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விசா மறுத்தாலும் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள்.

பிராக்கில் சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். 1357-இல் கட்டத் தொடங்கிய பாலம் அது. இரண்டு பக்கமும் கன்னங்கரேலென்று கற்சிலைகள், கீழே ஆற்றின்மேல் பனிமூட்டம், பாலத்தில் நடக்க நாலு பேர்தான். பத்து மணிக்கு அதே இடத்தில் திருவிழாக் கூட்டம். கோட்டைக்கு மேட்டில் ஏற வேண்டாம், 22-ஆம் நம்பர் டிராமில் போங்கள். இறங்கும்போதும் அதே டிராம்தான். மூட்டுவலிக்கு இறக்கம்தான் கொடுமை. கோட்டையின் முற்றங்களைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை, உள்ளே போகத்தான் டிக்கெட்.

மூன்று ஊரிலும் பஸ், டிராமுக்கு 24 மணி நேரம் என்பது போலப் பாஸ் விற்கிறார்கள். பிராக்கில் காகித டிக்கெட் வாங்கினால் முதல் முறை ஏறும்போது மெஷினில் முத்திரை குத்த வேண்டும். மறந்துவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டத்தான் வேண்டும்.

வியன்னாவில் குடிநீருக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்று நீரைக் குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள், குழாயில் பிடித்துத் தைரியமாகக் குடிக்கலாம். ஷோன்ப்ருன் அரண்மனைத் தோட்டமும் இலவசம். ஞாயிறன்று பல்பொருள் கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் மட்டும் சில திறந்திருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கி வைத்துவிடுங்கள். இன்னொரு நாடும் பார்க்க ஆசை என்றால், ஒரு மணி நேர ரயிலில் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா. பெட்டியை அறையில் விட்டுவிட்டுப் போய் மாலையில் திரும்பலாம்.

சாப்பாட்டுக்கு, சமையலறை உள்ள அறையாக எடுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். பால்கோவா, நெய், பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. வெளியில் சாப்பிட்டால் பிராக்கில் பாலாடைக்கட்டியை ரொட்டித்தூளில் பொரித்து உருளைக்கிழங்கோடு தருவார்கள். புடாபெஸ்ட்டில் லாங்கோஷ் என்று ஒன்று, நம் பூரி பெரிதானது போல இருக்கும், மேலே பூண்டும் பாலாடைக்கட்டியும். சூப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள், காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம்.

பிராக்கில் கொருனா, புடாபெஸ்ட்டில் ஃபோரிண்ட், வியன்னாவில் மட்டும் யூரோ. கார்டு தேய்க்கும்போது 'ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று மெஷின் கேட்கும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விலையில் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள்.

புடாபெஸ்ட்டில் ஒரு சாயங்காலம் விளக்கு போடும் நேரமாகப் பார்த்து, யாசாய் மாரி சதுக்கத்தில் 2-ஆம் நம்பர் டிராம் ஏறுங்கள். நாடாளுமன்றக் கட்டடத்தைக் கடந்ததும் டிராம் டான்யூப் கரைக்கு வந்துவிடும், எதிர்க்கரையில் கோட்டையும் பாலமும் ஒளி போட்டு நிற்கும். பாஸ் இருந்தால் தனிக் காசு இல்லை. படகுச் சவாரிக்கு ஆள் பிடிப்பவர்கள் கூப்பிடுவார்கள், விட்டுவிடுங்கள். வலதுபக்க ஜன்னல்தான் ஆற்றுப் பக்கம். அதில் அம்மாவை உட்கார வையுங்கள்.